கேட்டவர், பார்த்தவர், எண்ணப்பட்டவர்
தமிழக விளையாட்டு ரசிகரின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

1

விளையாட்டு வரலாறு என்று தமிழில் எழுதப்பட்டிருப்பவை பெரும்பாலும் ஆடியவர்களின் வரலாறுகள். யார் எத்தனை ஓட்டம் எடுத்தார், யார் எந்தப் பதக்கம் வாங்கினார் என்பதோடு அவை முடிந்துவிடுகின்றன. 'சும்மா வேடிக்கை பாத்தவனுக்கு என்னய்யா வரலாறு?' என்று கேட்கலாம். ஆனால் வேடிக்கை பார்த்தல் ஒருபோதும் சும்மா நடப்பதில்லை. எங்கே நின்று பார்ப்பது, யாரோடு சேர்ந்து பார்ப்பது, எதன் வழியே பார்ப்பது, பார்த்ததற்காக யார் யாருக்குக் காசு கொடுப்பது என்பதெல்லாம் ஒவ்வொரு காலத்திலும் தீர்மானிக்கப்பட்டே வந்திருக்கிறது. தீர்மானித்தவர்கள் பார்த்தவர்கள் அல்லர்.

முல்லைக்கலியின் ஏறு தழுவல் பாடல்களில் பரண் மீது நின்று பார்க்கும் பெண்கள் வருகிறார்கள். கலித்தொகைப் பெண் வெறும் பார்வையாளர் இல்லை. தொழுவுக்குள் நடப்பதன் முடிவு அவள் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது; அவள் பார்வை உள்ளே நிற்பவனைத் தீர்மானிக்கிறது. ஆட்டத்துக்கும் பார்வைக்கும் நடுவே வேலி இருந்தது, தூரம் இருக்கவில்லை. நவீன விளையாட்டு கொண்டுவந்தது இந்தத் தூரத்தைத்தான். ஆடுபவன் ஓரிடத்தில், ரசிகன் வேறிடத்தில். இடையில் ஒரு கருவி. அந்தக் கருவி யாருடையது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

ரசிகன் என்று தமிழில் சொன்னவுடன் நினைவுக்கு வருபவன் சினிமா ரசிகன். எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எம்.ஜி.ஆர். பிம்பம் குறித்து எழுதிய நூலுக்குப் பிறகு அவனைப் பற்றிக் கொஞ்சமாவது யோசித்திருக்கிறோம். விளையாட்டு ரசிகனை அப்படி யோசித்ததில்லை. 'கிரிக்கெட்டு நகரத்து மேல்சாதிக்காரன் பொழுதுபோக்கு' என்று ஒதுக்கிவிட்டு நாமும் ஒளிந்து ஒளிந்து ஸ்கோர் கேட்டுக்கொண்டிருந்தோம். இந்த ஒதுக்கலில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை எழுதாமல் விட்டதால் அதை வியாபாரிகள் எழுதிக்கொண்டார்கள். (ரசிகன் என்று நான் ஆண்பாலில் எழுதுவதும் கவனக்குறைவால் அல்ல. பொதுவெளியில் கூடிக் கேட்கவும் பார்க்கவும் அனுமதிக்கப்பட்டவன் அவன்தான்.)

2

சென்னையில் வானொலி தனிவீட்டுப் பண்டமாக வேர்விடவில்லை. 1924இல் தொடங்கப்பட்ட சென்னை மாகாண ரேடியோ கிளப் பணமுடையில் நின்றுபோனபின், 1930 ஏப்ரல் 1 முதல் சென்னை மாநகராட்சியே ஒலிபரப்பை நடத்தியது. கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்து, வருகிறவர் போகிறவர் எல்லோரும் கேட்கச் செய்தது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. விடுதலைக்குப் பிறகு ஊராட்சி ரேடியோக்கள் வந்தன. அதாவது பல ஊர்களில் முதல் ரேடியோ பெரிய வீட்டுக் கூடத்தில் மட்டுமல்ல, பொதுவிடத்திலும் பேசியது. சேரிக்காரரும் ஊர்க்காரரும் ஒரே இடத்தில் நின்று கேட்டார்கள் என்று இதை அழகுபடுத்திவிட வேண்டாம். யார் எங்கே நிற்கலாம் என்பதற்கு ஊரில் விதி இருந்தது. குரலுக்கு மட்டும் அந்த விதி இல்லை. அது தெருவைத் தாண்டிப் போனது.

கிரிக்கெட் அப்போது முழுக்க முழுக்க அடைபட்ட ஆட்டம். சேப்பாக்கம், 1846இல் தோன்றிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் மைதானம், வெள்ளையரின் இடம். அங்கே இடமில்லாததால்தான் 1888இல் புச்சி பாபு நாயுடு மெட்ராஸ் யுனைட்டெட் கிளப்பைத் தொடங்க வேண்டியிருந்தது. இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது 1952 பிப்ரவரியில், இதே சேப்பாக்கத்தில். வர்ணனை ஆங்கிலத்தில் வந்தது. வெள்ளையன் வெளியேறியபின்னும் வேலி இருந்தது. அந்த வேலியின் பெயர் ஆங்கிலம்.

அந்த வேலியை உடைத்தது தமிழ் வர்ணனை. 1980களில் சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடந்தால் சென்னை வானொலியில் கூத்தபிரான், ராமமூர்த்தி, அப்துல் ஜப்பார் ஆகியோரின் குரல்கள் வரும். கூத்தபிரான் சிறுவர் நிகழ்ச்சியின் 'வானொலி அண்ணா'. அப்துல் ஜப்பார் சாத்தான்குளத்துக்காரர், வானொலி நாடகத்தில் ஊறியவர். குழந்தைகளிடம் பேசத் தெரிந்தவரும் நாடகம் பேசத் தெரிந்தவரும் கிரிக்கெட்டைத் தமிழாக்கினார்கள் என்பது தற்செயல் அல்ல. அங்கே மொழிபெயர்ப்பைவிடக் கதைசொல்லல் அதிகம் நடந்தது. ஓட்டம், எல்லைக்கோடு, சுழற்பந்து, ஆட்டமிழந்தார் என்ற சொற்கள் புழக்கத்தில் ஊன்றின. விக்கெட், ஸ்டம்ப், அம்பயர் என்பவை அப்படியே தங்கின. எதை மாற்றலாம், எதை விடலாம் என்பதை எந்தக் கலைச்சொல் குழுவும் தீர்மானிக்கவில்லை. வேகமாக வரும் பந்துக்கு முன்னால் வாய்க்கு வந்த சொல் நின்றது. தனித்தமிழ் விவாதங்களில் இந்த அனுபவத்தை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை.

1986 செப்டம்பர் 22. ஆஸ்திரேலியாவுடனான சேப்பாக்கம் டெஸ்டின் கடைசி நாள். கடைசி ஓவரில் மணீந்தர் சிங் ஆட்டமிழக்க, ஆட்டம் சமனில் முடிந்தது. டெஸ்ட் வரலாற்றில் அப்படி முடிந்தது அதுவரை ஒரே ஒருமுறைதான், 1960இல் பிரிஸ்பேனில். கிரிக்கெட் மைதானத்தையே பார்த்திராதவர்களும் அந்த ஓவரைக் கேட்டார்கள். அவர்களுக்கு 'மிட் ஆன்' எந்தப் பக்கம் என்று தெரியாது. தெரிந்துகொள்ள அவசியமும் இருக்கவில்லை. ஆளாளுக்கு ஒரு மைதானத்தைக் கட்டிக்கொண்டார்கள். அருச்சுனன் தபசில் கம்பத்தையே கைலாயமாகப் பார்க்கத் தெரிந்த கூத்து ரசிகர்களுக்கு இதொன்றும் பெரிய வித்தை இல்லை. குரல் முக்கால்வாசியைக் கொடுக்கும், கால்வாசியைக் கேட்பவன் போட வேண்டும். அந்தக் கால்வாசிதான் ரசிகனின் உழைப்பு. அதற்குக் கூலியும் இல்லை, அதை விற்க ஆளும் இல்லை.

1983 உலகக் கோப்பையில் ஜூன் 18 அன்று டன்பிரிட்ஜ் வெல்ஸில் ஜிம்பாப்வேக்கு எதிராகக் கபில்தேவ் எடுத்த 175 ஓட்டங்களுக்கு ஒளிப்பதிவே கிடையாது. 17 ஓட்டங்களுக்கு 5 விக்கெட் என்ற நிலையிலிருந்து எழுந்த அந்த ஆட்டத்தை பி.பி.சி. படம்பிடிக்கவில்லை. படமே இல்லாத ஆட்டம் இன்றுவரை சொல்லப்பட்டுக்கொண்டிருக்கிறது. பதிவு இருந்தால்தான் நினைவு என்று இன்று நம்பவைக்கப்பட்டிருக்கிறோம். இந்த ஓர் ஆட்டம் போதும் அதை மறுக்க.

3

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியையொட்டி 1982இல் வண்ணம் வந்தது. விளையாட்டுக்காகத் தொலைக்காட்சி வளர்ந்ததா, தொலைக்காட்சிக்காக விளையாட்டு வளர்ந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இரண்டும் பின்னிக்கொண்டன. 1983 ஜூன் 25 அன்று லார்ட்ஸில் இந்தியா 183 ஓட்டங்கள் எடுத்து, மேற்கிந்தியத் தீவுகளை 140க்குள் சுருட்டியது. அன்று ஆட்டத்தின் மிக அதிகமான 38 ஓட்டங்களை எடுத்தவர் ஸ்ரீகாந்த். தமிழகத்தின் தென்கடலோரங்களில் மூங்கில் கழியில் உயர்த்திக் கட்டிய ஆண்டெனாக்கள், சென்னையைப் பிடிக்காமல் 1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியைப் பிடித்தன. தேசத்தின் எல்லை ஒரு பக்கம் கிடக்க, அலையின் எல்லை வேறு பக்கம் ஓடியது. தேசிய ஒளிபரப்பு என்கிற பெருங்கதையாடலில் அப்போதே இருந்த ஓட்டை இது.

கண்ணுக்கு அதிகாரம் வந்தது இந்தக் காலத்தில்தான். 1987 அக்டோபர் 9 அன்று சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான உலகக் கோப்பை ஆட்டம். டீன் ஜோன்ஸ் அடித்த பந்து எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்ததா, தொட்டு விழுந்ததா என்று தகராறு. நான்கு என்று கொடுக்கப்பட்டதை இடைவேளையில் ஆறாக மாற்ற, இந்திய அணித் தலைவர் கபில்தேவ் ஒப்புக்கொண்டார். 268 என்பது 270 ஆனது. இந்தியா தோற்றது ஒரே ஓட்டத்தில். ஒரு மனிதரின் ஒப்புதலை நம்பி எண்ணிக்கை மாற்றப்பட்டது. ஐந்தாண்டுக்குப் பிறகு, 1992 நவம்பரில் டர்பனில், தொலைக்காட்சிப் படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் மூன்றாவது நடுவர் வந்துவிட்டார். முதலில் அவுட் கொடுக்கப்பட்டவர் டெண்டுல்கர். அதன்பின் மைதானத்தில் இருப்பவன் பார்த்தது குறைவு, வீட்டில் இருப்பவன் பார்த்தது அதிகம் என்றாயிற்று. அரங்கில் அமர்ந்திருப்பவனே பெரிய திரையைப் பார்த்து நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

இந்தக் கண் யாருடையது? 1993இல் வங்காளக் கிரிக்கெட் சங்கம் ஹீரோ கோப்பை ஆட்டங்களைப் படம்பிடிக்கும் உரிமையை ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றது. தூரதர்ஷனும் மத்திய அரசும் தடுத்தன. நீதிமன்றம் போனார்கள். 1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம், அலைவரிசை பொதுச்சொத்து என்று சொன்னது. அரசின் தனியுரிமையை அது நிராகரித்தது. கூடவே அதைப் பொதுநலனுக்காக ஒழுங்குபடுத்தத் தன்னாட்சி கொண்ட ஓர் அமைப்பு வேண்டும் என்றும் சொன்னது. தீர்ப்பின் முதல் பாதியைச் சந்தை உடனே படித்துக்கொண்டது. இரண்டாம் பாதி படிக்கப்படாமலே கிடந்தது. அரசிடமிருந்து பிடுங்கப்பட்டது மக்களிடம் வரவில்லை, வேறு கைக்குப் போனது. நம்மில் பலர் தூரதர்ஷனின் அரசுப் பிரச்சாரத்தை எதிர்த்த வேகத்தில் இந்தக் கைமாற்றத்தைக் கவனிக்கவில்லை.

இதற்கிடையே 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி வந்தது. தெருவுக்குத் தெரு கேபிள் வந்தது. 2006க்குப் பின் தமிழக அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாகக் கொடுத்தது. ஓட்டுக்குக் கொடுத்த லஞ்சம் என்று அதைக் கேலி செய்தவர்கள் அதன் சமூக விளைவைப் பார்க்கத் தவறினார்கள். ஆண்டை வீட்டு வாசலில் நின்று படம் பார்த்த தலைமுறைக்கு அது தன் வீட்டுச் சுவரில் தன் பெட்டி. டீக்கடையில் நின்று ஸ்கோர் கேட்க முடியாத பெண்கள் விளையாட்டைப் பார்க்கத் தொடங்கியதும் இந்தப் பெட்டியின் முன்னால்தான். ஆனால் பெட்டி இலவசம், இணைப்புக்குக் காசு. 2007இல் நாடாளுமன்றம், தேசிய முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களின் ஒளிபரப்பைப் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்று சட்டம் செய்தது. 2017இல் உச்ச நீதிமன்றம், அப்படிப் பகிர்ந்ததைத் தூரதர்ஷனின் தரைவழி ஒளிபரப்பிலும் இலவச டிஷ்ஷிலும்தான் காட்டலாம், கேபிளில் காட்டக்கூடாது என்று சுருக்கியது. தமிழகத்தில் வீடுகளுக்கு வந்துகொண்டிருந்தது பெரும்பாலும் கேபிள்.

4

1999 ஜனவரி 31. சேப்பாக்கத்தில் பாகிஸ்தானிடம் இந்தியா 12 ஓட்டங்களில் தோற்றது. டெண்டுல்கரின் 136 வீணானது. ஆட்டத்துக்குச் சில வாரம் முன்னால் தில்லியில் சிவசேனையினர் ஆடுகளத்தையே தோண்டிப் போட்டிருந்தார்கள். அந்தச் சூழலில் சென்னைக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தது. இதைச் 'சென்னைக்காரனின் பண்பாடு' என்று பெருமை பேசி முடித்துவிடுகிறோம். நான் வேறொன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் கூட்டம் ஐந்து நாள் ஆட்டத்தின் கூட்டம். எதிரணிக்காரனின் உழைப்பைப் பொறுமையாகப் பார்க்கப் பழகியது. தேசம் சொல்லிக்கொடுத்த எதிர்வினையை மீறி ஒரு பொது முடிவை அது நின்ற இடத்திலேயே எடுத்தது. 2023 அக்டோபர் 14 அன்று அகமதாபாத்தில் பாகிஸ்தான் ஆட்டக்காரர் ஒருவர் ஆட்டமிழந்து திரும்பும்போது எழுந்த மதக் கோஷம், கையிலிருந்த போன்களில் பதிவாகி நாடெங்கும் சுற்றியது. கோஷம் போட்டவன் ஆட்டக்காரனை நோக்கி மட்டும் போடவில்லை, தன் போனை நோக்கியும் போட்டான். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் மதவாத அரசியல் இருக்கிறது. கூடவே ஒரு கருவியும் இருக்கிறது.

2008இல் ஐ.பி.எல். வந்தபோது சென்னை அணியை இந்தியா சிமெண்ட்ஸ் 9.1 கோடி டாலருக்கு வாங்கியது. ஊர் பெயர் சூட்டப்பட்ட தனியார் சொத்து அது. ஊரே அதைத் தன்னுடையது என்று நம்பியது. சூதாட்ட விவகாரத்தில் லோதா குழு 2015இல் இரண்டாண்டு தடை விதித்தபோது அவமானம் முதலாளிக்கு வரவில்லை, ரசிகனுக்கு வந்தது. 2018இல் அணி திரும்பி வந்தது. அதே ஆண்டு பிப்ரவரி 16இல் காவிரித் தீர்ப்பு. ஆறு வாரத்தில் அமைக்கச் சொன்ன ஏற்பாட்டை மத்திய அரசு அமைக்கவில்லை. ஏப்ரல் 10 அன்று சேப்பாக்கத்தில் ஆட்டம். வெளியே சாலையில் மறியல், உள்ளே மஞ்சள் சட்டை. ஆட்டத்தின் நடுவே எல்லைக்கோட்டருகே ஒரு செருப்பு வந்து விழுந்தது.

அந்தச் செருப்பு விழுந்த இடம் முக்கியம். விளையாட்டு ஒளிபரப்பு கட்டமைக்கும் உலகம் எல்லைக்கோட்டோடும் இருக்கைகளோடும் முடிகிறது. வாலாஜா சாலை அதில் கிடையாது. அந்தச் சட்டகத்துக்குள் காவிரியைக் கொண்டுவர, எதையாவது எறிவதைத் தவிர வேறு வழி இல்லாமல் போயிற்று. மீதி ஆறு ஆட்டங்களையும் புனேவுக்கு மாற்றினார்கள். ரசிகர்களைத் தனி ரயில் ஏற்றிப் புனேவுக்கு அழைத்துப்போனார்கள். ஊர் இல்லாமலும் ஊர் அணி நடக்கும் என்பது அன்று நிரூபணமாயிற்று. ரசிகன் வேறு, குடிமகன் வேறு என்று பிரிக்க முடியும் என்பதும்தான். இத்தனைக்கும் ஓராண்டுக்கு முன், 2017 ஜனவரியில், இதே கடற்கரையில் ஜல்லிக்கட்டுக்காக அதே போன்களைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருந்தது அதே தலைமுறை. ஆகவே 'போன் வந்து பயலுவ கெட்டுப்போனானுவ' என்கிற புலம்பலை நான் ஏற்கவில்லை. கருவி ஒன்றுதான். அதில் யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பதுதான் மாறுகிறது.

5

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் டேட்டா மலிந்தது. வேங்கிக்காலில், ஆட்சியர் அலுவலகத்தையொட்டிய வேலூர்ச் சாலையின் டீக்கடைகளில் ஐ.பி.எல். மாலைகளில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். ஒரே பெஞ்சில் மூன்று பேர், மூன்று போன், ஒரே ஆட்டம். ஒருவன் 'போச்சுடா' என்று கத்துகிறான். பக்கத்திலிருப்பவன் 'ஏன்டா சொல்லித் தொலைக்கிற' என்று திட்டுகிறான். அவன் போனில் பந்து இன்னும் வீசப்படவே இல்லை. மூன்றாமவன் இருவரையும் கேட்காமல் காதில் இயர்போனைச் செருகிக்கொள்கிறான்.

காரணம் எளியது. இணையவழி ஒளிபரப்பில் படம் சில நொடித் துண்டுகளாக வெட்டப்பட்டு, பல தரங்களில் சுருக்கப்பட்டு, பல சேவையகங்கள் வழியாக வந்து, போனில் கொஞ்சம் சேமித்துவைக்கப்பட்ட பிறகே ஓடுகிறது. மைதானத்தைவிடச் சில நொடி முதல் அரை நிமிடம் வரை பின்தங்கும். ஆளுக்கு ஆள் அது மாறும். ரேடியோ காலத்தில் தெருவே ஒரு கணத்தில் மூச்சை விட்டது. ஒரே நேரத்தில் ஒரே செய்தியை நுகரும் மக்கள் தம்மை ஒரு சமூகமாகக் கற்பனை செய்துகொள்கிறார்கள் என்று பெனடிக்ட் ஆண்டர்சன் 1983இல் சொன்னார். இங்கே ஒரே பெஞ்சுக்கு மூன்று நேரம். கற்பனைச் சமூகம் உடைந்துவிட்டது என்று அவசரப்பட வேண்டாம். உடைந்தது பக்கத்தில் இருப்பவனோடு உள்ள உறவு. தூரத்தில் இருப்பவனோடு கருத்துப் பெட்டியில் புதிய உறவு வருகிறது. ஆனால் அந்த உறவுக்கு நடுவே எப்போதும் ஒரு முதலாளி உட்கார்ந்திருக்கிறார்.

2022 ஜூனில் ஐ.பி.எல்.லின் ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. மொத்தம் 410 ஆட்டங்கள் என்ற கணக்கில் ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 118 கோடி. ஓர் ஆட்டத்துக்கு 240 பந்து என்றால் பந்துக்கு 49 லட்சம். இந்தியாவுக்குள் தொலைக்காட்சிக்குக் கிடைத்தது 23,575 கோடி. இணையத்துக்கு இரண்டு தொகுப்புகளாக 23,758 கோடி. இணையம் முந்திய புள்ளி இது. அடுத்த ஆண்டே அதை இலவசமாகக் காட்டினார்கள். ஆட்டத்தை விற்பவன் ஏன் இலவசமாகக் கொடுக்கிறான்? கனடாவின் டல்லஸ் ஸ்மைத் 1977இலேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டார். ஊடகம் விற்பது நிகழ்ச்சியை அல்ல, பார்வையாளரை. வாங்குபவர் விளம்பரதாரர்.

ஸ்மைத் காலத்தில் பார்வையாளரை மொத்தமாகத்தான் விற்க முடிந்தது. போன் ஆளைத் தனித்தனியாக நிறுக்கிறது. எந்த ஊர், எந்த வகைப் போன், எந்த ஓவரில் விலகிப்போனான், யார் மட்டை பிடித்தபோது திரும்பி வந்தான் என்பதெல்லாம் பதிவாகிறது. 2023 இறுதியாட்டத்தின்போது ஒரே நேரத்தில் பார்த்தவர்கள் 3.2 கோடி என்றார்கள். திரையின் மூலையில் ஏறும் அந்த எண்ணை ரசிகனே ஸ்கோர்போலப் பார்த்தான். தோனி இறங்கியவுடன் எண் ஏறுவது அவனுக்குப் பெருமை. தன் கூட்டம் பெருகுவதைப் பார்க்கிறான். உரிமைக்காரர் சரக்கு பெருகுவதைப் பார்க்கிறார். இரண்டும் ஒரே எண்.

சதுரங்கத்திலும் இதையே காணலாம். 1972இல் மானுவேல் ஆரோன் சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் தொடங்கிய டால் கிளப்பில், ஆட்டத்தைப் பார்ப்பது என்றால் அடுத்த நகர்வைத் தானே யோசிப்பது, தப்பாக யோசிப்பது, சண்டை போடுவது. 2024 டிசம்பர் 12 அன்று குகேஷ் உலக வாகையரானதைத் திரையில் கண்டவர்களுக்கு, யார் எவ்வளவு முன்னிலை என்று கணினி காட்டும் பட்டை ஓரத்திலேயே ஓடியது. சதுரங்கம் அறியாதவருக்கும் பதற்றம் கிடைத்தது. அது லாபம். ஆனால் யோசிக்கும் முன்பே விடை வந்துவிடுகிறது. கேட்பவன் போட வேண்டியிருந்த அந்தக் கால்வாசியை இப்போது எந்திரம் போடுகிறது.

6

ரசிகனுக்கென்று ஓர் அறிவு உண்டு. எந்த மைதானத்தில் யார் சுழலும், யார் வெயிலில் சோர்வான் என்று டீக்கடையில் அளந்துவிடுவது அவன் கௌரவம். கற்பனை அணி விளையாட்டுகள் இந்தக் கௌரவத்தின் மீது கைவைத்தன. 'உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, காசு கட்டிக் காட்டு' என்றன. சூதாட்டம் அல்ல, திறமை என்றன. இந்தச் சொல்லாடல் புதிதல்ல. 1996இல் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் சென்னைக் கிண்டி குதிரைப் பந்தயத்தைத் திறமையின்பாற்பட்டது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. குதிரையின் வம்சம் தெரிந்து காசு வைப்பவன் சூதாடி அல்லன் என்ற வாதம், இருபது ஆண்டு கழித்துப் போனில் மட்டையாளரின் சராசரி தெரிந்து காசு வைப்பவனுக்கு வந்து சேர்ந்தது.

2003இல் லாட்டரியைத் தடைசெய்த தமிழகம் இணையச் சூதாட்டத்தைத் தடுக்கப் பட்ட பாடு தனி வரலாறு. 2021இல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டில் ரத்துசெய்தது. ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்தவர்களின் தற்கொலைகள் செய்தியாகிக்கொண்டிருந்தன. நீதிபதி சந்துரு குழு அமைக்கப்பட்டது. 2022 அக்டோபரில் சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் அதை 2023 மார்ச்சில்தான் திருப்பி அனுப்பினார். மறுபடி நிறைவேற்றி ஏப்ரலில் ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. நவம்பரில் ரம்மிக்கும் போக்கருக்கும் விலக்கு அளித்து, நீதிமன்றம் மீதியை ஏற்றது. பிறகு 2025 ஆகஸ்டில் மத்திய அரசு நாடு முழுவதற்கும் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் கொண்டுவந்தது. இந்திய அணியின் சட்டையில் பெயர் போட்டிருந்த ட்ரீம்11 அந்த ஒப்பந்தத்திலிருந்து வெளியேறியது.

நல்லதுதானே என்றால், நல்லதுதான். ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும். இத்தனை ஆண்டு அந்தப் பெயரைச் சட்டையில் ஒட்டி, ஆட்டத்தின் இடைவெளிதோறும் காட்டி, நட்சத்திரங்களைக் கொண்டு கூவ விட்டவர்கள் மீது ஒரு கேள்வியும் எழவில்லை. இழந்தவன் மட்டும் பேராசைக்காரன் என்று பேர் வாங்கிக்கொண்டான். செத்தவர்களின் வீட்டில் கடன் இருக்கிறது.

7

அதே 2025 சட்டம் மின்விளையாட்டைத் தனியே பிரித்து விளையாட்டாக அங்கீகரிக்கிறது. 2023இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் அதற்குப் பதக்கமே கொடுத்தார்கள். பொத்தானை அழுத்துவது விளையாட்டா என்று முகம் சுளிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. உடல் வலிமையை விளையாட்டின் சாரமாக ஆக்கியதில் காலனியத்துக்குப் பங்கு உண்டு. கொரோனா ஊரடங்கில் ஆன்லைன் வகுப்புக்காகக் கடன் வாங்கிக் கொடுத்த போனில்தான் சிறுநகரத்துப் பையன்கள் பப்ஜியும் ஃப்ரீ ஃபயரும் ஆடினார்கள். சாதி, ஊர், கல்லூரி கேட்காமல் அணி சேர்ந்தார்கள். ஆடுகிறவனே ரசிகன், ரசிகனே ஆடுகிறவன். கலித்தொகைக்குப் பின் அறுந்துபோன ஒன்று திரும்ப வந்ததோ என்றுகூடத் தோன்றும்.

இரண்டு இடத்தில் இந்த நம்பிக்கை இடறுகிறது. ஒன்று, பெண். இந்த ஆட்டங்களை நேரலையில் காட்டி, பெண்களை ஆபாசமாகப் பேசி லட்சக்கணக்கில் பார்வையாளர் சேர்த்த யூடியூபர் ஒருவர் 2021 ஜூனில் தமிழகத்தில் கைதானார். கைது ஒருவருக்கு. கேட்டு ரசித்த லட்சங்களை என்ன செய்வது? டீக்கடைப் பெஞ்சு அப்படியே போனுக்குள் போயிருக்கிறது.

இன்னொன்று, மைதானம். கபடிக்கு முதலாளி கிடையாது. 2014இல் புரோ கபடி வந்தது. தமிழ் தலைவாஸ் 2017இல் வந்தது. நாளை இரண்டும் போய்விட்டாலும் ஏரிக்கரையில் கோடு கிழித்து ஆடுவதை யாரும் நிறுத்த முடியாது. 2014இல் உச்ச நீதிமன்றம் தடைசெய்தும் ஜல்லிக்கட்டை அழிக்க முடியவில்லை. பப்ஜி 2020 செப்டம்பர் 2 அன்று தடைசெய்யப்பட்டது. வேறு பெயரில் 2021இல் வந்தது. 2022 ஜூலையில் ஒரே நாளில் கடைகளிலிருந்து காணாமல்போனது. 2023 மேயில் திரும்பியது. சீனாவோடு எல்லைத் தகராறு ஒரு பக்கம், தரவு எங்கே போகிறது என்ற சந்தேகம் இன்னொரு பக்கம். காரணம் எதுவாகவும் இருக்கட்டும். ஆண்டுக்கணக்கில் பழகிய ஆட்டக்காரனுக்குக் காலையில் எழுந்தால் மைதானம் இல்லை. விதியை எழுதுவது, களத்தை வைத்திருப்பது, ஆடுபவனை எண்ணுவது, காட்சியை விற்பது எல்லாம் ஒரே கை. கிரிக்கெட் வாரியத்துக்கே வாய்க்காத அதிகாரம் இது.

8

கார்த்திகையில் திருவண்ணாமலை மலையுச்சியில் தீபம் ஏற்றினால் வேங்கிக்கால் மொட்டைமாடியிலிருந்தும் தெரியும், பல மைல் தள்ளியுள்ள கிராமத்துக் களத்துமேட்டிலிருந்தும் தெரியும். 2668 அடி உயரத்தில் எரிகிற அது ஒரு பழைய ஒளிபரப்பு. அதன் பின்னாலுள்ள கோயில் அதிகாரத்தையும் சாதிக் கட்டுமானத்தையும் நான் மறக்கவில்லை. ஆனாலும் அந்த ஒளி, தன்னை யார் பார்த்தார்கள் என்று கணக்கெடுப்பதில்லை. நாத்திகனும் பார்க்கலாம். பார்த்தவனிடமிருந்து அது எதையும் எடுத்துக்கொண்டு போவதில்லை. வானொலிக்கு இந்தக் குணம் இருந்தது. தொலைக்காட்சிக்குப் பாதி இருந்தது. போனுக்கு அறவே இல்லை.

பழையதற்குத் திரும்புவோம் என்று நான் சொல்லவில்லை. சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுக்கொண்டிருந்த நடராஜன் 2020 டிசம்பரில் இந்தியாவுக்கு ஆட முடிந்ததற்கு, 2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக்கும் அதன் தொலைக்காட்சி ஒளிபரப்பும் ஒரு காரணம். அடைபட்ட சேப்பாக்கம் திறந்ததில் கருவிக்குப் பங்கு உண்டு. கேள்வி உரிமை பற்றியது. 1995 தீர்ப்பு அலைவரிசையைப் பொதுச்சொத்து என்றது. 2007 சட்டம் ஆட்டத்தைப் பகிரச் சொன்னது. இரண்டும் வானலையைப் பற்றிப் பேசின. ஆட்டம் வானலையைவிட்டு இறங்கித் தனியார் சேவையகத்துக்குப் போய்விட்டது. பொதுச்சொத்து என்ற சொல்லை அங்கேயும் கொண்டுபோக வேண்டும். தேசிய முக்கியத்துவம் உள்ள ஆட்டம் போனிலும் கண்காணிப்பு இல்லாமல் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். ரசிகனைப் பற்றிச் சேர்க்கும் தரவு என்னென்ன, யாருக்கு விற்கப்படுகிறது என்று ரசிகனுக்குச் சொல்ல வேண்டும். தமிழ் வர்ணனையின் ஒலிநாடாக்களில் மிஞ்சியவற்றைத் தேடி, படியெடுத்து, நூலகத்தில் வைக்க வேண்டும்.

இவை பெரிய புரட்சிக் கோரிக்கைகள் அல்ல. ரசிகர் மன்றங்கள் ஒரு காலத்தில் நடிகருக்காகத் தெருவில் இறங்கின. கடற்கரைக் கூட்டம் காளைக்காக இறங்கியது. தன் பொருட்டு ரசிகர் கூட்டம் இதுவரை இறங்கியதில்லை. தொழிற்சங்கம் வைத்திருக்கிறோம், நுகர்வோர் சங்கம் வைத்திருக்கிறோம். பார்ப்பதும் ஓர் உழைப்பு என்றால் அதற்கும் ஒரு சங்கம் வேண்டும். அதை யார் தொடங்குவது என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களாவது பேச ஆரம்பிக்கலாம்.